பார்த்த பின் படமெடுப்போம்

மாணவர்களே! தில்லியில் வாழும் நம் குடும்பங்கள் குதுப் மினாருக்கோ இந்தியா கேட்டுக்கோ சென்றால், நூற்றுக்கணக்கான படங்களுடன் வீடு திரும்புகின்றன. அவற்றுள் சிலவற்றை ஊரிலுள்ள தாத்தா பாட்டிக்கு அனுப்புகிறோம். படத்தில் கோபுரம் தெரிகிறது. பேரப்பிள்ளையின் முகம் தெரிவதில்லை. ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே நம்மைக் காணும் அவர்கள் தேடுவது அந்த முகத்தைத்தான். உடனே நாம் கேமராவைக் குறை கூறுகிறோம். நல்ல படத்திற்கு விலையுயர்ந்த கேமரா தேவை என்பதை நான் ஏற்கவில்லை. பொத்தானை அழுத்துமுன் நின்று பார்க்கும் பழக்கமே தேவை என்பது என் கருத்து.

இதற்குத் தில்லியிலேயே சான்று உண்டு. இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக் கலைஞரான ஹோமாய் வியாரவாலா, 1942-இல் இந்நகருக்குப் பணியாற்ற வந்தார். விடுதலையின்போது செங்கோட்டையில் கொடியேறிய காட்சியையும் காந்தியடிகளின் இறுதி ஊர்வலத்தையும் படமெடுத்தார். அக்காலத்து ஃபிளாஷ் விளக்கு ஒருமுறை எரிந்தால் தீர்ந்துவிடும். ஒவ்வொரு படத்திற்கும் புதிய விளக்கைப் பொருத்த வேண்டும். ஆகவே, தக்க நொடி வரும்வரை அவர் காத்திருந்தார். 2011-இல் அவருக்குப் பத்ம விபூஷண் விருது வழங்கப்பட்டது.

நாம் முதலில் பார்க்க வேண்டியது ஒளி. ஹுமாயூன் கல்லறைக்கு மேற்கு வாயில் வழியே சென்றால், காலையில் கதிரவன் கட்டடத்தின் பின்னே இருக்கும். அதன் முன் நிற்பவரின் முகம் கறுத்துவிடும். பிற்பகலில் அதே இடத்தில் செந்நிறக் கல்லும் முகமும் ஒருங்கே ஒளிபெறும். காத்திருக்க இயலாவிடில், பகலிலும் ஃபிளாஷை இயக்கி முகத்திற்கு ஒளியூட்டலாம்.

அடுத்தது தொலைவு. குதுப் மினாரின் உயரம் ஏறத்தாழ 73 மீட்டர். தம்பியை அதன் அடியில் நிறுத்தினால் அவன் எறும்பாகத் தெரிவான். நீங்கள் கோபுரத்தை விட்டு நன்கு விலகி வாருங்கள். தம்பியை உங்கள் அருகில் நிறுத்துங்கள். இரண்டும் படத்தில் அடங்கும். அவன் தலைக்குப் பின்னே கம்பமோ மரக்கிளையோ முளைத்ததுபோல் தெரிந்தால், ஓரடி நகர்ந்து நில்லுங்கள்.

இரவில் கை அசைந்தால் படம் மங்கும். முழங்கைகளை உடலோடு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். அல்லது சுவரில் சாய்ந்து நில்லுங்கள். ஃபிளாஷ் ஒளி சில மீட்டர் தொலைவே எட்டும். தொலைவிலுள்ள இந்தியா கேட்டை அது ஒளிரச் செய்யாது.

“எத்தனை படங்கள் வேண்டுமானாலும் எடுக்கலாமே, பிறகு நல்லதைத் தேர்ந்தெடுக்கலாமே?” என்று நீங்கள் கேட்கலாம். ஒரே இடத்தில் நின்று இருபது படங்கள் எடுத்தால், ஒரே பிழை இருபது முறை பதிவாகும். முதல் படத்தைத் திரையில் பார்த்து, குறையைத் திருத்தி, மீண்டும் எடுங்கள். டிஜிட்டல் கேமராவின் உண்மையான நன்மை இதுவே.

மற்றொன்றும் மறவாதீர்கள். சாந்தினி சௌக்கில் ரிக்‌ஷா ஓட்டுபவரும் சுமை தூக்குபவரும் காட்சிப் பொருள்கள் அல்லர். அவர்களுள் பலர், நம் பெற்றோரைப் போலவே, வேலை தேடிச் சொந்த ஊரை விட்டு வந்தவர்கள். அவர்களைப் படமெடுக்க விரும்பினால் முதலில் அனுமதி கேளுங்கள். மறுத்தால் கேமராவைத் தாழ்த்திவிடுங்கள்.

இவ்வாரம் தாத்தா பாட்டிக்காக ஒரே ஒரு படம் எடுங்கள். அதில் இருப்பவர் யார், எடுத்த இடம் எது, நாள் எது என்பவற்றைத் தமிழில் மூன்று வரிகளில் எழுதி உடன் அனுப்புங்கள். நூறு படங்களைவிட அந்த ஒன்றையே அவர்கள் அண்டை வீட்டாரிடமும் காட்டி மகிழ்வார்கள்.