சராசரி யார் வீட்டுக்குப் போயிற்று?

நாடுகளின் வருமானத்தை வரிசைப்படுத்திப் பத்திரிகைகள் ஆண்டுதோறும் செய்தி வெளியிடுகின்றன. இந்த நாடு முன்னேறிற்று, அந்த நாடு பின்தங்கிற்று, இந்தக் கண்டம் செல்வம் மிக்கது, அந்தக் கண்டம் வறுமையில் உழல்கிறது என்று எண்களைக் கொண்டு தீர்ப்புக் கூறப்படுகிறது. தறியில் அமர்ந்திருக்கும் நெசவாளருக்கும், மானாவாரி நிலத்தில் மணிலா விதைத்து மழையை எதிர்நோக்கியிருக்கும் விவசாயிக்கும் இவ்வெண்களால் ஆவதென்ன என்று நமது அங்கத்தினர் சிலர் கேட்பதுண்டு. ஆவது உண்டு என்பதே நமது கருத்து. உலக நாடுகளை ஒப்பிடுவதற்கு எந்தக் கணக்கு முறை தேவையோ, அதே முறைதான் நமது சங்கங்களின் உண்மை நிலையை அறிவதற்கும் தேவை. அங்கே நேரும் பிழைதான் இங்கேயும் நேருகிறது. அப்பிழையின் பெயர் சராசரி மயக்கம்.

ஒரு நாட்டின் மொத்த வருமானத்தை மக்கள் தொகையால் வகுத்து வருவதே தலா வருமானம். நம் நாட்டில் இக்கணக்கை முதன்முதலாக ஊரறியச் செய்தவர் தாதாபாய் நவரோஜி. 1867-68ஆம் ஆண்டில் இந்தியரின் தலா வருமானம் ஆண்டுக்கு 20 ரூபாய் என்று அவர் மதிப்பிட்டார். சிறைக் கைதிக்கு உணவும் உடையும் அளிக்க ஆகும் செலவோடு அதனை ஒப்பிட்டு, நல்ல விளைச்சல் காலத்திலும் குற்றவாளிக்குக் கிடைக்கும் அளவுகூட நாட்டு மக்களுக்குக் கிடைப்பது அரிது என்று காட்டினார். ஒரே ஓர் எண், உறங்கிக் கிடந்த ஒரு தேசத்தைத் தட்டி எழுப்பிற்று. ஆகவே, சராசரி என்பதே வேண்டாத பொருள் என்று நாம் சொல்ல வரவில்லை.

ஆனால் அதே நவரோஜி, அந்நாளைய மாகாண அறிக்கைகளின் சராசரிகளைக் கடுமையாகக் கண்டித்தவரும் ஆவார். அதிகாரிகள் ஒவ்வொரு ஜில்லாவின் ஏக்கர் விளைச்சலையும் எழுதி, அவற்றைக் கூட்டி, ஜில்லாக்களின் எண்ணிக்கையால் வகுத்துவிட்டார்கள். எந்த ஜில்லாவில் எத்தனை ஏக்கர் சாகுபடி என்பதைப் பார்க்கவேயில்லை. இது அடியோடு தவறு என்று அவர் எடுத்துரைத்தார்.

நமது செஞ்சி வட்டாரத்து விவசாயிக்கு இதனை விளக்குவது எளிது. ஓர் ஊரில் கிணற்றுப் பாசனத்தில் 50 ஏக்கர் மணிலா. ஏக்கருக்கு 16 மூட்டை விளைகிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த ஊரில் மானாவாரியாக 450 ஏக்கர். ஏக்கருக்கு 6 மூட்டைதான். பதினாறையும் ஆறையும் கூட்டி இரண்டால் வகுத்தால், சராசரி 11 மூட்டை என்று வரும். உண்மை அதுவன்று. இரண்டு ஊர்களின் மொத்த விளைச்சல் 3,500 மூட்டை. மொத்த நிலம் 500 ஏக்கர். ஆகவே சராசரி 7 மூட்டையே. பதினொன்று என்று எழுதி மேலே அனுப்புகிறவர், இல்லாத 2,000 மூட்டையைக் காகிதத்தில் விளைவித்துவிடுகிறார்.

நவரோஜிக்குப் பின் இத்துறையில் உழைத்தவர்களுள், நெசவுக்குப் புகழ் பெற்ற காஞ்சிபுரத்தில் 1908ஆம் ஆண்டு பிறந்த டாக்டர் வி. கே. ஆர். வி. ராவ் முக்கியமானவர். 1931-32ஆம் ஆண்டுக்கு அவர் கணித்த தலா வருமானம் 62 ரூபாய். சுதந்திரத்திற்குப் பின், 1949ஆம் ஆண்டில் அரசாங்கம் தேசீய வருமானக் குழுவை அமைத்தது. பேராசிரியர் மகலநோபிஸ் தலைவர், ராவும் டி. ஆர். காட்கிலும் அங்கத்தினர்கள். இந்தக் காட்கில்தான் மகாராஷ்டிரத்தில் பிரவராநகர் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையை நிறுவ முன்னின்று, அதன் முதல் தலைவராக இருந்தவர் என்பதை நமது வாசகர்கள் நினைவில் கொள்ளவேண்டும். நாட்டின் வருமானத்தை எண்ணியவர்களுள் ஒருவர் கூட்டுறவாளர் என்பது நமக்குப் பெருமை. அக்குழுவுக்கு ஆலோசனை கூற வந்தவர்களுள் அமெரிக்க அறிஞர் சைமன் குஸ்நெட்ஸும் ஒருவர். 1934ஆம் ஆண்டிலேயே தம் நாட்டுச் செனட் சபைக்கு அளித்த அறிக்கையில், தேசீய வருமானத்தின் அளவைக் கொண்டு மக்களின் நல்வாழ்வை முடிவு கட்டிவிட முடியாது என்று அவர் எச்சரித்திருந்தார். அளவுகோலைச் செய்தவரே அதன் எல்லையையும் சொல்லிவைத்தார். அளந்தவர்கள் பலர் அந்த எல்லையை மறந்துவிட்டார்கள்.

இனி, கண்டங்களைப் பார்ப்போம். 2023ஆம் ஆண்டுக்கு உலக வங்கி வெளியிட்ட கணக்கின்படி இந்தியாவின் தலா வருமானம் சுமார் 2,500 டாலர். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தலா வருமானம் சுமார் 80,000 டாலர். உலக மக்கள் அனைவருக்கும் சேர்த்துப் பார்த்தால் ஏறத்தாழ 13,000 டாலர். இவற்றைக் கண்டவுடன், ஆசியா ஏழை, ஐரோப்பா செல்வர், ஆப்பிரிக்கா பரம ஏழை என்று முடிவு கட்டிவிடத் தோன்றும்.

சற்றுப் பொறுத்து உள்ளே நுழைந்து பார்த்தால் வேறு காட்சி தெரிகிறது. ஆசியாவிலேயே சிங்கப்பூரின் தலா வருமானம் சுமார் 70,000 டாலர். நேபாளத்தினுடையது சுமார் 1,400 டாலர். ஒன்று மற்றொன்றைப்போல் ஐம்பது மடங்கு. ஐரோப்பாவில் நார்வே ஒரு லட்சம் டாலரை ஒட்டி நிற்கிறது. உக்ரைன் சுமார் 5,000 டாலரில் நிற்கிறது. அது இருபது மடங்கு. வட அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்த ஹைத்தித் தீவு நாட்டில் 2,000 டாலர்கூட இல்லை. மிகப் பெரியதற்கும் மிகச் சிறியதற்கும் உள்ள இந்த இடைவெளியைப் புள்ளியியலார் வீச்சு என்பர். இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் உள்ள வேற்றுமை முப்பத்திரண்டு மடங்கு; ஒரே ஆசியாவுக்குள் உள்ள வேற்றுமையோ அதனினும் மிகுதி. ஆகவே, கண்டத்தின் பெயரைச் சொல்லி ஒரு நாட்டின் நிலையை ஊகிப்பது, ஜாதகம் பார்க்காமல் பலன் சொல்வதற்கு ஒப்பாகும்.

நவரோஜி கண்டித்த பிழையும் இங்கே காத்திருக்கிறது. ஆப்பிரிக்காவில் ஐம்பதுக்கு மேற்பட்ட நாடுகள் உள்ளன. அவற்றுள் செஷல்ஸ் என்னும் தீவு நாட்டின் தலா வருமானம் 16,000 டாலருக்கு மேல். அங்கே வாழும் மக்களோ ஒரு லட்சத்துச் சொச்சம். நைஜீரியாவின் தலா வருமானம் 2,000 டாலருக்குச் சற்றுக் குறைவு. அங்கே இருபது கோடிக்கு மேற்பட்டோர் வாழ்கின்றனர். நாட்டுக்கு ஓர் எண் என்று எழுதிக் கூட்டி வகுத்தால், ஒரு லட்சம் பேரும் இருபது கோடிப் பேரும் தராசில் சமமாகிவிடுவார்கள். மணிலாக் கணக்கில் ஏக்கரை மறந்ததும், இங்கே மக்கள் தொகையை மறப்பதும் ஒரே குற்றம்.

மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. நாடுகளைத் தலா வருமான வரிசையில் நிறுத்தினால், உலகச் சராசரியாகிய 13,000 டாலரை எட்டுகின்ற நாடுகள் பாதிக்கும் குறைவு. சில செல்வ நாடுகள் சராசரியை மேலே இழுத்துக்கொண்டு போய்விடுகின்றன. ஆதலால்தான் அறிஞர்கள் சராசரியோடு இடைநிலை என்னும் வேறோர் எண்ணையும் கேட்கிறார்கள். எல்லோரையும் சிறியதிலிருந்து பெரியதுவரை வரிசையாக நிறுத்தி, நட்ட நடுவில் நிற்பவரின் வருமானம் என்ன என்று பார்ப்பதே இடைநிலை. கடைசியில் நிற்கும் பெருஞ்செல்வரின் வருமானம் பத்து மடங்கு பெருகினாலும், நடுவில் நிற்பவரின் எண் அசையாது.

விலைவாசியையும் மறத்தலாகாது. செஞ்சிக் கடைத்தெருவில் முடி வெட்டிக்கொள்ளக் கொடுக்கும் பணத்தை டாலராக்கி எடுத்துச் சென்றால், நியூயார்க்கில் அவ்வேலைக்கு யாரும் கத்தரிக்கோலைக் கையில் எடுக்கமாட்டார்கள். பணத்தின் வாங்கும் சக்தி இடத்துக்கு இடம் மாறுபடுவதைக் கணக்கில் கொள்ள, 1968ஆம் ஆண்டு முதல் சர்வதேச ஒப்பீட்டுத் திட்டம் ஒன்று நடந்து வருகிறது. அம்முறைப்படி இந்தியாவின் தலா வருமானம் 2023இல் சுமார் 10,000 டாலர். முப்பத்திரண்டு மடங்காகத் தெரிந்த வேற்றுமை, எட்டு மடங்காகக் குறைகிறது. எட்டு மடங்கும் சிறிதன்று; ஆயினும் முப்பத்திரண்டும் எட்டும் ஒன்றல்ல.

உலகைச் சுற்றிவிட்டு வீட்டுக்கு வருவோம். தமிழ்நாட்டின் தலா வருமானம் அகில இந்தியச் சராசரியைப்போல் ஒன்றரை மடங்குக்கும் மேல். நாம் மகிழலாம். ஆனால் செஞ்சியைத் தன்னகத்தே கொண்ட விழுப்புரம் மாவட்டம், மாநிலத்தின் கீழ்வரிசை மாவட்டங்களுள் ஒன்றாகவே நெடுங்காலமாகக் கணக்கிடப்பட்டு வருகிறது. மாநிலத்தின் சராசரி நமது மாவட்டத்தை மறைக்கிறது. மாவட்டத்தின் சராசரி நமது ஊரை மறைக்கிறது. ஊரின் சராசரி நமது தெருவை மறைக்கிறது. இவ்வாறு இறங்கி வந்தால், கடைசியில் சங்கத்தின் ஆண்டறிக்கைக்கு வந்து சேருகிறோம்.

நாம் தணிக்கைக்குச் சென்ற ஒரு நெசவாளர் சங்கத்தின் பொதுக்குழுவில் நிகழ்ந்ததை இங்கே சொல்ல வேண்டும். சங்கத்தின் பெயர் வேண்டா. அங்கத்தினரின் சராசரி மாதக் கூலி 6,000 ரூபாயிலிருந்து 7,000 ரூபாயாக உயர்ந்தது என்று அறிக்கை படிக்கப்பட்டது. கைதட்டலும் எழுந்தது. கூலி உயர்ந்துவிட்டமையால் கூடுதல் நூல் கேட்டு மேலே எழுத வேண்டிய அவசியம் இல்லை என்று நிர்வாகக் குழு முடிவு செய்திருந்தது. அப்போது பின்வரிசையில் இருந்த மூதாட்டி ஒருவர் எழுந்து, “ஐயா, நான் போன வருஷத்தைவிடக் குறைவாகத்தான் வாங்கினேன். என் தெருவில் கேட்டாலும் அப்படித்தான் சொல்கிறார்கள். அந்தச் சராசரி யார் வீட்டுக்குப் போயிற்று?” என்று கேட்டார். சிலர் சிரித்தார்கள். நமக்குச் சிரிப்பு வரவில்லை. கூலிப் பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னோம்.

அந்த அம்மையாரின் தெருவில் ஒன்பது தறிகள். முந்தின ஆண்டில் அத்தெருவின் மாதக் கூலி, வரிசையாக, 4,500, 5,000, 5,000, 5,500, 6,000, 6,000, 6,500, 7,000, 8,500 ரூபாய். சராசரி 6,000, நடுவில் நிற்கும் ஐந்தாமவரின் கூலியும் 6,000. அடுத்த ஆண்டில் 3,000, 3,500, 4,000, 4,000, 4,500, 5,000, 6,000, 15,000, 18,000 ரூபாய். சராசரி 7,000 ஆயிற்று. அறிக்கை பொய் சொல்லவில்லை. ஆனால் நடுவில் நிற்பவரின் கூலி 4,500 ஆக இறங்கிவிட்டது. ஒன்பது பேரில் ஏழு பேர் சராசரிக்குக் கீழே நின்றார்கள். இரண்டு தறிகளுக்குப் பட்டுப் புடவை வேலை இடைவிடாது கிடைத்தது. ஏனைய ஏழு தறிகளும் பருத்தி நூல் வராமல் மாதத்தில் பாதி நாள் பாவு இன்றிக் கிடந்தன. மற்றத் தெருக்களிலும் இதே கதைதான். இரண்டு தறிகளின் நல்லகாலம், ஏழு தறிகளின் பசியை அறிக்கையில் மூடி மறைத்துவிட்டது. நூல் கேட்டு எழுத வேண்டாம் என்ற முடிவு அந்தக் கூட்டத்திலேயே மாற்றப்பட்டது.

ஆகவே நமது யோசனை இதுதான். நெசவாளர் சங்கமாயினும் விவசாயிகள் சங்கமாயினும், ஆண்டறிக்கையில் சராசரியை மட்டும் எழுதி நிறுத்தக்கூடாது. அதன் பக்கத்தில் மூன்று எண்களைச் சேர்க்கவேண்டும். நடுவில் நிற்கும் அங்கத்தினரின் வருமானம் எவ்வளவு? மிகக் குறைந்ததும் மிக உயர்ந்ததும் எவ்வளவு? சராசரிக்குக் கீழே நிற்பவர் எத்தனை பேர்? மகசூல் கணக்கில் ஏக்கரையும், கூலிக் கணக்கில் வேலை கிடைத்த நாட்களையும் விடாமல் குறிக்கவேண்டும்.

இது வீண் வேலை என்று செயலாளர்கள் சிலர் முணுமுணுக்கலாம். புதிய பதிவேடு எதுவும் தேவையில்லை. இருக்கும் பதிவேட்டில் உள்ள தொகைகளைச் சிறியதிலிருந்து பெரியதாக எழுதி நடுவெண்ணைப் பொறுக்குவது, பள்ளி மாணவன் அரை மணி நேரத்தில் செய்யக்கூடிய காரியம். சங்கத்தின் குறையை நாமே வெளியிடுவதா என்று கேட்பாரும் உண்டு. குறையை மறைத்து வளர்ந்த சங்கம் எதையும் நாம் பார்த்ததில்லை. மறைத்ததால் மூடப்பட்ட சங்கங்களையே பார்த்திருக்கிறோம். தனி வியாபாரிக்கு மொத்த லாபம் போதும். அது யாருக்குச் சேர்ந்தது என்பது அவனுக்குக் கேள்வியன்று. கூட்டுறவுக்கோ அதுவே முதற்கேள்வி.

செஞ்சிக் கோட்டைக்குள் பெரிய நெற்களஞ்சியம் இன்றும் நிற்கிறது. 2025ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் இக்கோட்டையும் சேர்க்கப்பட்டபின், அதன் பெருமை உலகெங்கும் பேசப்படுகிறது. அக்களஞ்சியத்தின் உயர்ந்த சுவர்களைப் பார்ப்பவர் எத்தனை ஆயிரம் கலம் நெல் கொண்டிருக்கும் என்று வியப்பார்கள். அந்நெல்லை விளைவித்தவர் வீட்டில் அன்று உலை கொதித்ததா என்பதைச் சுவர்கள் சொல்லமாட்டா. நமது சங்கங்களின் கணக்கேடுகளாவது அதனைச் சொல்லவேண்டும். வரும் பொதுக்குழுவில் தலைவர் சராசரியைப் படித்தவுடன், ஒவ்வோர் அங்கத்தினரும் எழுந்து, நடுவில் நிற்பவருக்கு எவ்வளவு என்று கேட்கவேண்டும் என்பதே நமது வேண்டுகோள்.