64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது, தோழர்களே

திண்டுக்கல்லை ஒட்டிய ஒரு காலனி. பத்தொன்பது வயதுப் பையன், நூல் மில்லில் ஷிப்டு வேலை. பாக்கெட்டில் கஞ்சாப் பொட்டலத்தோடு பிடித்துக்கொண்டு போனார்கள். எங்களுக்குத் தகவல் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. 'ஒத்துக்கிட்டா அபராதத்தோட போயிரும்' என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பையன் ஒப்புக்கொண்டான். அவன் அம்மா வட்டிக்கு வாங்கி அபராதத்தைக் கட்டினார். இன்று அவன் தண்டிக்கப்பட்ட குற்றவாளி. கஞ்சாவை விட்டானா என்றால், இல்லை. உன்னால் இதை விட முடியவில்லையா, வைத்தியம் பார்க்கலாமா என்று பிடித்ததிலிருந்து வெளியே வந்தது வரை ஒருவரும் அவனிடம் கேட்கவில்லை.

கேட்பதற்குச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. 1985ஆம் ஆண்டு என்.டி.பி.எஸ். சட்டத்தின் 64ஏ பிரிவு இது: போதைக்கு அடிமையான ஒருவர் மீது, பயன்படுத்தியதாகவோ சிறிய அளவு வைத்திருந்ததாகவோ வழக்கு இருந்து, அவர் தானாக முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அரசு அங்கீகரித்த மையத்திலோ சிகிச்சை எடுத்துக்கொண்டால், அவரைத் தண்டனைக்கு உள்ளாக்கும் வழக்கு நடவடிக்கை கூடாது. பாதியில் விட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடலாம். தண்டனை உறுதியான பிறகும், 39ஆம் பிரிவின்படி நீதிமன்றம் சிறைக்குப் பதில் சிகிச்சைக்கு அனுப்பலாம்.

கஞ்சாவில் சிறிய அளவு என்பது 1 கிலோ வரை. தண்டனை அதிகபட்சம் 1 ஆண்டு. 1,100 கிராம் என்று எழுதப்பட்டுவிட்டால் 10 ஆண்டு வரை போகும். எழுதுவது யார் கையில் இருக்கிறது என்று உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு சிக்கல் பலருக்குத் தெரியாது. 3 ஆண்டுக்கு மேல் தண்டனைக்குரிய வழக்குகள்தான் சிறப்பு நீதிமன்றத்துக்குப் போகும். நம் மாவட்டத்தின் பெரிய கஞ்சா வழக்குகள் மதுரைக்குப் போய் வந்தது அப்படித்தான். இந்தச் சட்டத்திலேயே நாள் முழுக்க உழலும் நீதிபதியும் வழக்கறிஞரும் அங்கே இருப்பார்கள். நம் பையனின் வழக்கோ உள்ளூர் மாஜிஸ்திரேட் முன், அடிதடி வழக்குக்கும் வாகன வழக்குக்கும் நடுவில் சில நிமிடங்களில் முடிந்துவிடும். 64ஏ யாருக்கு வேண்டுமோ அவர்கள் வந்து நிற்கும் இடத்தில், அதைப் பற்றிப் பேச ஆள் இல்லை.

அமெரிக்காவில் 1989இல் மயாமியில் முதல் போதை நீதிமன்றம் தொடங்கியது. இன்று சிகிச்சையோடு இணைந்த நீதிமன்றங்கள் அங்கே நான்காயிரத்துக்கு மேல். அவற்றில் ஒருங்கிணைப்பாளர் என்று ஒரு பணி உண்டு. நீதிபதி, வழக்கறிஞர், சிகிச்சை மையம், கண்காணிப்பு அதிகாரி எல்லோரையும் ஒரே மேசையில் உட்கார வைப்பதுதான் அவர் வேலை. அதற்குப் பயிற்சி உண்டு. 1994இல் இந்தத் துறையினர் சேர்ந்து சங்கமே அமைத்துவிட்டார்கள்.

இங்கே பயிற்சியே இல்லை என்று சொல்ல முடியாது. நீதிபதிகளுக்கு மாநில நீதித்துறை அகாடமி, போலீசுக்கு அவர்கள் பயிற்சிப் பள்ளி, ஆலோசகர்களுக்குத் தேசிய சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் வகுப்புகள். போதையால் பாதிக்கப்பட்டவர்களுக்குச் சட்ட உதவி தர வேண்டும் என்று தேசிய சட்டப் பணிகள் ஆணையம் 2015இலேயே திட்டம் போட்டிருக்கிறது. ஆனால் இவர்கள் ஒருவரையொருவர் பார்ப்பது ஜூன் 26 போதை ஒழிப்பு நாள் மேடையில். உறுதிமொழி வாசித்துவிட்டுக் கலைந்துவிடுவார்கள். ஆலோசகருக்கு 64ஏ தெரியாது. ஸ்டேஷனில் இருப்பவருக்கு மருத்துவமனையில் யாரைக் கூப்பிடுவது என்று தெரியாது. நடுவில் கோப்பைத் தூக்கிக்கொண்டு நடக்க ஒரு ஆள் வேண்டும், அந்த ஆளுக்குச் சம்பளமும் பயிற்சியும் வேண்டும் என்பதுதான் எங்கள் கோரிக்கை.

அமெரிக்க மாதிரியை அப்படியே இறக்குமதி செய்யச் சொல்லவில்லை. அங்கே கறுப்பின மக்களுக்கு இந்த நீதிமன்றங்களில் இடம் கிடைப்பது குறைவு, முடித்து வெளியேறுவது அதைவிடக் குறைவு என்று விமர்சனம் எழுந்தது. அதனால்தான் அந்தச் சங்கம் 2013இல் வெளியிட்ட தர விதிகளில், வரலாற்று ரீதியாக ஒடுக்கப்பட்ட பிரிவினருக்குச் சம வாய்ப்பு என்பதைத் தனி விதியாகவே வைத்தது. இங்கே நடத்தப்படும் பயிற்சியில் சாதி என்ற சொல் வருமா? சோதனைக்கு வண்டி எந்தத் தெருவில் நிற்கிறது, எந்தத் தெருவில் நிற்பதில்லை என்ற கேள்வி வருமா? வராத பயிற்சியால் நமக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. 'தானாக முன்வந்து' என்று சட்டம் சொல்வது, ஸ்டேஷனில் மிரட்டி ஏதோ ஒரு மறுவாழ்வு மையத்தில் அடைத்துப் போடுவதற்குச் சாக்காகவும் மாறலாம். அங்கீகாரம் இல்லாத மையங்களில் அடி வாங்கித் திரும்பியவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

எப்போதாவது புகைக்கிறவனுக்கு 64ஏ பொருந்தாது, அடிமையானவனுக்குத்தான் என்பது தனி அபத்தம். அதைச் சட்டத்தைத் திருத்தித்தான் சரிசெய்ய வேண்டும்.

அதுவரை, திண்டுக்கல்லிலும் காந்திகிராமத்திலும் சமூகப்பணி படிக்கிற தோழர்கள், சட்டம் படிக்கிற தோழர்கள், மாதம் ஒரு நாள் எங்களோடு உட்காருங்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு மனு தயாராகிக்கொண்டிருக்கிறது. வழக்குகளைத் தொகுக்க ஆள் தேவை. உங்கள் தெருவில் யாரையாவது பொட்டலத்தோடு பிடித்தால், அன்றைக்கே சொல்லுங்கள். அவர்கள் குற்றத்தை ஒப்புக்கொள்வதற்கு முன்னால்.