பெட்டிச் சாவி யாரிடம்?

கானாடுகாத்தான் முதலிய செட்டிநாட்டு ஊர்களிலிருந்து ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கொழும்புக்கும் சென்று லேவாதேவி நடத்திய நகரத்தார், கிட்டங்கி என்னும் நீண்ட கூடத்தில் ஆளுக்கொரு பெட்டியை வைத்துக்கொண்டு தொழில் செய்தனர். கூடம் பொது, பெட்டி தனி. மேலாளும் அடுத்தாளும் பெட்டியடிப் பையனும் ஒரே பேரேட்டைக் கொண்டு காரியம் நடத்தினர். கணக்கு ஊரிலுள்ள முதலாளிக்கு வந்து சேர்ந்தது. கடல் கடந்த தொழிலாயினும், பெட்டிச் சாவியை அயலார் கையில் கொடுக்க எவரும் ஒருப்பட்டதில்லை.

இன்று அவ்வூரின் மாளிகைகள் சில விடுதிகளாகியிருக்கின்றன. கண்டாங்கிச் சேலை நெய்விப்போரும், பக்கத்து ஆத்தங்குடியில் தரைக்கல் வார்ப்போரும் தூரதேசங்களுக்கும் சரக்கு அனுப்புகின்றனர். ஐந்து பேரோ பத்துப் பேரோ வேலை பார்க்கும் இத்தகைய காரியாலயங்களுக்கு வேண்டியவை நான்கு: மின்னஞ்சல், யாவரும் பார்க்கும் நாட்காட்டி, விலாசப் புத்தகம், தஸ்தாவேஜுக் கிடங்கு. அறைப் பதிவை ஒருவர் நோட்டிலும் மற்றொருவர் கைப்பேசியிலும் குறித்தால், ஒரே அறைக்கு இரு குடும்பங்கள் வந்து நிற்கும். இந்நான்கையும் இணைத்துத் தருவதே கூட்டுப்பணி மென்பொருள். அதன் அவசியத்தை மறுப்பாரில்லை. சாவி யாரிடம் இருக்கவேண்டும் என்பதே கேள்வி.

2025 ஜூலையில், குஜராத்தின் வாடினாரில் எண்ணெய்ச் சுத்திகரிப்பாலை நடத்தும் நயாரா எனர்ஜி கம்பெனிக்கு நேர்ந்ததை நேயர்கள் அறிவார்கள். ஐரோப்பிய யூனியன் அக்கம்பெனி மீது தடை விதித்த சில தினங்களுக்குள் மைக்ரோஸாப்ட் தன் சேவையை நிறுத்திற்று. டில்லி ஹைக்கோர்ட்டில் வழக்குத் தொடர்ந்த பின்னரே அது மீண்டது. பெருங்கம்பெனிக்குக் கோர்ட்டு உண்டு. கானாடுகாத்தான் விடுதிக்காரருக்கு என்ன உண்டு? 2022 ஜனவரியில் கூகிள், பல்லாண்டு இலவசமாய் அளித்த காரியாலயச் சேவைக்கு இனிப் பணங் கட்டவேண்டுமென அறிவித்தது. கூக்குரல் எழுந்தபின் சொந்த உபயோகத்தினருக்கு விலக்குக் கிடைத்ததே தவிர வியாபாரிகளுக்கு இல்லை. வாடகை வீட்டில் குடியிருப்போர் வீட்டுக்காரரின் மனப்போக்கை நம்பியே வாழவேண்டும்.

ஆகையால் திறந்தமூல மென்பொருளையே சிறு காரியாலயங்கள் நாடவேண்டுமென நாம் அபிப்பிராயப்படுகிறோம். அது வெளிநாட்டில் பிறந்ததாயிற்றே, சுதேசியாகுமா எனச் சிலர் கேட்கலாம். நம்மவர் கம்பெனிகள் வளர்வது நமக்குப் பெருமையே. ஆயினும் மூலத்தை மூடிவைத்தவர் நம்மவரேயானாலும் சாவி அவரிடமே. படிக்கவும் திருத்தவும் எங்கும் எடுத்துச் செல்லவும் உரிமை தருவது எங்கு பிறந்தாலும் நமதே. மத்திய சர்க்காரும் 2015-ல் திறந்தமூலத்துக்கு முதலிடமளிக்கும் கொள்கையை வெளியிட்டது. ஜெர்மனியின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாகாணம் 2025-ல் 40,000-க்கு மேற்பட்ட அஞ்சற் பெட்டிகளை அவ்வழிக்கு மாற்றிவிட்டது.

ஆனால் திறந்தமூலம் என்ற பெயரைக் கண்டு மயங்கலாகாது. ஸிம்ப்ரா என்னும் புகழ்பெற்ற மென்பொருளில், 2020-ல் வந்த ஒன்பதாம் பதிப்பு முதல், உடனே நிறுவத்தக்க இலவசப் பதிப்பு நிறுத்தப்பட்டது. அதை நம்பியிருந்தோர் தவித்தனர். மாறாக, 2016-ல் ஓன்கிளவுட் கம்பெனியை விட்டு விலகிய அதன் ஸ்தாபகர், அதே மூலத்திலிருந்து நெக்ஸ்ட்கிளவுடைத் தோற்றுவித்தார். உரிமை உண்மையாயிருந்தால் பிரிவிலும் எவரும் அநாதையாவதில்லை. எனவே தேர்வுக்கு முன் மூன்று கேள்விகள்: மூலத்தைப் பேணுவோர் பலரா, ஒரே கம்பெனியா? நாட்காட்டிக்கு கால்டாவ், விலாசங்களுக்கு கார்டாவ், அஞ்சலுக்கு ஐமாப் என்னும் பொது விதிகளை அது அனுசரிக்கிறதா? தகவல் யாவையும் ஒரே நாளில் வெளியே எடுக்க முடியுமா?

நிறுவுவதிலும் நிதானம் வேண்டும். பத்துப் பேருக்கு 8 ஜிபி நினைவகமுள்ள சாதாரணக் கணினியும், டெபியன் லினக்ஸும், மின்தடைக்கு ஒரு யுபிஎஸ்ஸும் போதும். முதலில் நாட்காட்டியும் விலாசங்களும், பிறகு தஸ்தாவேஜுகள். அஞ்சலைச் சொந்த யந்திரத்தில் ஏற்ற அவசரப்படலாகாது. புதிய யந்திரத்தின் கடிதங்களைப் பெருங்கம்பெனிகள் குப்பையில் தள்ளுவது வழக்கம். சொந்த டொமைன் பெயரை வாங்கி, அஞ்சற் பெட்டியை மட்டும் வாடகைக்கு எடுப்பதே விவேகம்; பெயர் நமதானால் வாடகைக்காரரை மாற்றலாம். தினந்தோறும் நகல் எடுத்து, ஒன்றை வேறு கட்டிடத்தில் வைக்கவேண்டும். ஐந்தொகை போட்டுச் சரிபார்ப்பதுபோல, நகலிலிருந்து மீட்கமுடிகிறதா என்றும் அவ்வப்போது சோதிக்கவேண்டும்.

விலையில்லை என்பதால் செலவில்லை எனக் கருதுவது பேதைமை. பாதுகாப்புத் திருத்தங்களைத் தவறவிட்ட யந்திரம் திறந்த வீடாகும். அதைப் பார்க்க ஆள் வேண்டும். ஒரு சிறு காரியாலயம் தனியே சம்பளம் கொடுப்பது கடினம். வழியோ முன்னோர் காட்டியதே. ஐந்தாறு காரியாலயங்கள் கூடி ஒரு யந்திரத்தை வைத்து, ஒவ்வொன்றுக்கும் தனி இடம் ஒதுக்கி, காரைக்குடியில் அழகப்பர் தோற்றுவித்த கல்விச்சாலைகளில் கணினி பயின்ற இளைஞர் ஒருவரை அமர்த்தலாகாதா? கூடம் பொதுவாகட்டும், பெட்டி தனியாகட்டும், சாவி நம் மடியில் இருக்கட்டும்.

மேடையில் சுதேசியம் பேசுவோர் முதலில் தம் சங்கக் காரியாலயத்தின் கடிதங்கள் எவர் பெட்டியில் இருக்கின்றன என்று பார்ப்பார்களாக.