அமாவாசைக்குச் சராசரி போடுகிறவர்

ஃபைல் சிஸ்டத்தின் வேகத்தைச் சிமுலேஷனிலேயே கண்டுவிடலாம், நிஜ டிஸ்க்கில் ஓட்டிப் பார்ப்பது தண்டச் செலவு என்று சென்ற இதழில் ஒருவர் தீர்ப்பு எழுதியிருக்கிறார். சாட்சிக்கு அவர் இழுத்து வந்திருப்பது, 1991-ல் பெர்க்லியில் மென்டல் ரோசன்பிளமும் ஜான் ஆஸ்டர்ஹௌட்டும் வெளியிட்ட எல்எஃப்எஸ் (லாக்-ஸ்ட்ரக்சர்டு ஃபைல் சிஸ்டம்) ஆய்வு. புது டேட்டாவை எழுத டிஸ்க் படும் பாட்டை அவர்கள் ஓர் எண்ணாக அளந்தார்கள். சிமுலேஷனில் அது 2.5 முதல் 3 வரை. ஸ்பிரைட் என்ற ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஓடிய கணினிகளில் நிஜமாக அளந்தபோது 1.2 முதல் 1.6 வரைதான். ஆகவே சிமுலேஷன் செலவை எப்போதும் கூட்டியே சொல்லும், நம்பினால் நஷ்டமில்லையாம்!

வித்தியாசம் ஏன் வந்தது என்று அந்த ஆய்விலேயே இருக்கிறது. சிமுலேட்டரில் எல்லா ஃபைலும் 4 கிலோபைட். நிஜத்தில் பெரிய ஃபைல்கள் மொத்தமாக எழுதப்பட்டு மொத்தமாக அழிந்தன. எல்எஃப்எஸ் டிஸ்க்கை செக்மென்ட் என்ற துண்டுகளாகப் பிரித்து எழுதும்; ஒரு துண்டில் மிஞ்சிய டேட்டாவை வேறிடம் வைத்து அதைக் காலி செய்வதுதான் துப்புரவு. அப்படித் துப்புரவுக்கு எடுத்த செக்மென்ட்களில் பாதிக்கு மேல் வெறுமையாகவே கிடந்தன. எடுத்து வேறிடம் வைக்க எதுவுமில்லை. ஆக, கணிப்பு தவறியிருக்கிறது. நல்ல பக்கமாகத் தவறியதைக் கண்டு இவர் குதிக்கிறார்.

அதே எல்எஃப்எஸ் முறையை டேட்டாபேஸ் சுமையில் ஓட்டி மார்கோ செல்ட்ஸர் குழு 1995-ல் அளந்ததைப் பற்றி இவர் மூச்சு விடவில்லை. டேட்டாபேஸில் ஃபைல் அழிவதில்லை. உள்ளே அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பதிவுகள் மாறுகின்றன. எந்த செக்மென்ட்டும் முழுதாகக் காலியாவதில்லை. துப்புரவு செய்யும் புரோகிராம் மிச்சத்தை அள்ளி அள்ளி வைக்க வேண்டும். டிஸ்க் பாதி நிரம்பியதுமே வேகம் 33 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. ஆஸ்டர்ஹௌட் அந்த அளவீடுகளோடு மல்லுக்கட்டினார். அளக்கவே வேண்டாம் என்று அவர்கூடச் சொல்லவில்லை.

சிமுலேஷனை நான் பழிக்கவில்லை. எந்த செக்மென்ட்டை முதலில் துப்புரவு செய்வது என்ற நல்ல வழியை ரோசன்பிளமுக்குக் காட்டியது அதுதான். இரண்டு வழிகளில் எது மேல் என்று கேட்டால் சொல்லும். கொடுத்த சுமைக்குத்தான் சொல்லும்.

இவர் தன் சிமுலேஷனுக்குக் கொடுத்த சுமையோ வெறும் மாதச் சராசரி. மேல்மலையனூர் கோயிலுக்கு மாதச் சராசரி பார்த்து பஸ் விட்டால், அமாவாசை ஊஞ்சல் உற்சவம் முடிந்து நள்ளிரவில் திண்டிவனம் போகிறவர்கள் விடியும் வரை ஸ்டாண்டில்தான் கிடக்க வேண்டும். போக்குவரத்துக் கழகம் அன்றைக்குச் சிறப்புப் பேருந்து விடுகிறது. அங்கே இருக்கிறவர்களுக்குத் தெரிந்தது இவருக்குத் தெரியவில்லை.

அடுத்த கட்டுரையில் மூன்றே விஷயம் எழுதட்டும்: எந்தச் சுமையை ஓட்டினார், டிஸ்க் எத்தனை சதவீதம் நிரம்பியிருந்தது, நிஜ டிஸ்க்கில் கிடைத்த எண் என்ன.