பழைய பெட்டிக்குப் பொறுப்பு யார்?

நெய்வேலியில் ஓய்வு பெறும் தோழர் எவராயினும் ஒரு நாள் குடியிருப்பு வீட்டைக் காலி செய்து சாவியை ஒப்படைத்தாக வேண்டும். கட்டில், பீரோ, பாத்திரம் பண்டம் எல்லாம் வண்டியேறிவிடும். மூலையில் கிடக்கும் பழைய டி.வி. பெட்டி, ஓடாத மிக்சி, உப்பிப்போன செல்போன் இவை மட்டும் ஏறா. வாசலில் காயலான்கடைக்காரர் வந்து நிற்பார். எடை கூடப் போடாமல் ஒரு விலை சொல்லுவார். தொல்லை விட்டது என்று நாமும் கொடுத்து அனுப்புகிறோம்.

அந்தப் பெட்டி பிறகு என்ன ஆகிறது?

பழைய டி.வி.யில் விலை போகும் சரக்கு, குழாயின் கழுத்தைச் சுற்றியுள்ள செம்புக் கம்பிச் சுருள்தான். அதற்காகக் குழாயை உடைக்கிறார்கள். கண்ணாடியை வாங்க ஆளில்லை. அது பள்ளத்திலோ ஏரிக்கரையிலோ கொட்டப்படுகிறது. குழாயின் பின்பக்கக் கண்ணாடியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு ஈய ஆக்சைடு. ஈயம் குழந்தையின் உடலில் சேர்ந்தால் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். ஒயர்களைக் கொளுத்தினால் பிளாஸ்டிக் உறை எரிந்து டையாக்சின் என்னும் கொடிய நஞ்சு புகையோடு கிளம்புகிறது. சுரங்கத்துக்காக மண்ணடி நீரை இரவும் பகலும் இறைக்கும் ஊர் நம்முடையது. அந்த நீரில் நஞ்சு இறங்கினால் என்ன ஆகும் என்று பிறர் வந்து நமக்குச் சொல்ல வேண்டியதில்லை.

2006 செப்டம்பர் 15ல் தொடங்கிய அரசுத் திட்டத்தில், 2011க்குள் ஒரு கோடிக்கும் மேலான வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகள் தமிழ்நாட்டு வீடுகளுக்குச் சென்றன. அத்தனையும் இந்தக் குழாய்ப் பெட்டிகளே. கொடுத்தது சரியா தவறா என்ற வழக்கு இங்கே வேண்டாம். ஆயுள் முடிந்த பெட்டிகளைத் திரும்பப் பெறுவது எவர் வேலை என்பதே நம் கேள்வி.

காயலான்கடைக்காரர் மேல் பழி போடுவோர் உண்டு. நாம் அந்தக் கூட்டத்தில் சேரோம். வருங்கால வைப்பு நிதி இல்லை, ஈ.எஸ்.ஐ. இல்லை, கையுறை கூட இல்லை; அவரும் தொழிலாளிதான். நஞ்சு முதலில் ஏறுவது அவருடைய இரத்தத்தில். அவரை விரட்டிவிட்டால் பெட்டி தானாக ஆலைக்கு நடந்து போய்விடுமா?

சட்டம் இல்லாமலில்லை. மின்னணுக் கழிவு விதிகள் 2011ல் வந்தன, 2016ல் மாறின, 2022ன் புதிய விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளன. உற்பத்தி செய்த கம்பெனியே மறுசுழற்சிக்குப் பொறுப்பு. முன்பு விற்ற சரக்கின் எடையில் 2023-24ல் 60 விழுக்காடு, 2025-26ல் 70, 2027-28 முதல் 80 என்று கணக்கும் வகுத்துள்ளனர். ஆனால் பதிவு பெற்ற ஆலையிடம் சான்றிதழ் வாங்கிக் காட்டினால் கம்பெனியின் கடமை தீர்ந்தது! நம் வாசலுக்கு அது வர வேண்டிய அவசியமே இல்லை. ஆயிரம் கருவிகளுக்கு மேல் பயன்படுத்தும் நிறுவனமும் கழிவைப் பதிவு பெற்றவரிடமே தர வேண்டும். தனி வீட்டுக்கு அப்படி ஏற்பாடு ஏதும் இல்லை. உலகெங்கும் 2022ல் சேர்ந்த மின்னணுக் கழிவு 6 கோடியே 20 லட்சம் டன். முறைப்படி சேகரிக்கப்பட்டதாகக் கணக்கில் உள்ளது நூற்றுக்கு 22 பங்குதான்.

அதே விதிகளில் இன்னொன்றும் இருக்கிறது. கழிவைப் பிரிக்கும் தொழிலாளரை இனங்கண்டு பதிவு செய்வதும், பயிற்சி தருவதும், உடல்நலத்தைக் கண்காணிப்பதும் மாநில அரசின் கடமை. தொழிற்பேட்டையில் இடம் ஒதுக்கவும் வேண்டும். இதை நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

தோழர்கள் கேட்க வேண்டியது இதுதான். மூன்று மாதத்துக்கு ஒரு முறை வட்டந்தோறும் கழிவு சேகரிப்பு நாள் வேண்டும். நிறுவனத்தின் கழிவை ஏற்றிச் செல்லும் அதே பதிவு பெற்ற வண்டியில் வீட்டுக் கழிவும் ஏறட்டும். பொறுக்கிச் சேர்க்கும் வேலையைக் காயலான்கடைத் தோழர்களுக்கே கூலி பேசிக் கொடுக்கலாம். அடுத்த பொதுக்குழுவில் தீர்மானமாக வைக்கத் தடையென்ன?

அதுவரை வீட்டில் செய்யக் கூடியது சிறிதுதான். டி.வி. குழாயை உடைக்காமல் முழுசாகவே வையுங்கள். பழைய பிரிட்ஜின் குழாயை அறுக்க விடாதீர்கள். உள்ளிருக்கும் வாயு கெடுதலானது. டியூப் லைட்டில் பாதரசம் உண்டு, அதைக் குப்பைத் தொட்டியில் போட்டு நொறுக்காதீர்கள். உப்பிய பேட்டரியைக் குத்தினால் தீப்பிடிக்கும். அதைத் தனியே மணலில் வைத்து, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் பார்த்துக் கொள்ளுங்கள்.