வாக்கின் தடம் மக்களின் கண்ணுக்குத் தெரிய வேண்டும்

2024 ஜனவரி 30 அன்று நடைபெற்ற சண்டிகர் மாநகராட்சி மேயர் தேர்தலில் பதிவான வாக்குகள் 36. அவற்றில் 8 வாக்குச்சீட்டுகள் செல்லாதவை என்று தேர்தலை நடத்திய அலுவலர் அறிவித்தார். எட்டும் ஆம் ஆத்மி - காங்கிரஸ் கூட்டணி வேட்பாளருக்கு விழுந்தவை. 20 வாக்குகள் பெற்றிருந்தவர் 12 வாக்குகளுடன் தோற்றார். 16 வாக்குகள் பெற்ற பாஜக வேட்பாளர் வென்றதாக அறிவிக்கப்பட்டது. அந்தச் சீட்டுகளில் அலுவலரே பேனாவால் குறியிட்ட காட்சி கேமராவில் பதிவாகியிருந்தது. உச்சநீதிமன்றம் சீட்டுகளையும் காணொளியையும் தன் முன் வரவழைத்துப் பார்த்தது. பிப்ரவரி 20 அன்று 8 வாக்குகளும் செல்லும் எனத் தீர்ப்பளித்து, தோற்றவராக அறிவிக்கப்பட்டவரையே மேயராக அறிவித்தது. அலுவலர் மீது குற்ற நடவடிக்கைக்கும் உத்தரவிட்டது.

இந்த நீதி கிடைத்ததற்கு இரண்டு காரணங்கள் உண்டு. சீட்டுகள் அழிக்கப்படவில்லை, காணொளி மறைக்கப்படவில்லை. இவற்றில் ஒன்று இல்லாது போயிருந்தாலும் அந்த எட்டு வாக்குகளும் குப்பைக்குத்தான் போயிருக்கும்.

சட்டமன்ற, மக்களவைத் தேர்தல்களைப் பொறுத்தவரை சட்டத்தில் பாதுகாப்புகளுக்குப் பஞ்சமில்லை. வாக்குச்சீட்டைச் சிதைக்கும் தேர்தல் அலுவலருக்கு இரண்டு ஆண்டு வரை சிறை என்கிறது 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 136ஆவது பிரிவு. வாக்குப்பெட்டியோ இயந்திரமோ அழிக்கப்பட்டால் அச்சாவடியின் வாக்குப்பதிவை ரத்து செய்து மறுவாக்குப்பதிவு நடத்த 58ஆவது பிரிவு வழி செய்கிறது. ஆனால் நாள்தோறும் நடைமுறையில் உதவக்கூடிய பாதுகாப்பு ஒரு காகிதத்தில் இருக்கிறது. அதுதான் படிவம் 17சி.

1961ஆம் ஆண்டின் தேர்தல் நடத்தை விதிகளில் 49எஸ் விதியின்படி, வாக்குப்பதிவு முடிந்தவுடன் சாவடியின் தலைமை அலுவலர் இப்படிவத்தை நிரப்ப வேண்டும். எந்த எண்ணுள்ள இயந்திரம் பயன்பட்டது, எத்தனை வாக்காளர்கள் பதிவேட்டில் பதிந்தனர், இயந்திரத்தில் எத்தனை வாக்குகள் பதிவாயின, எத்தனை காகித முத்திரைகள் பயன்பட்டன என்பன எல்லாம் அதில் இடம்பெறும். அங்கிருக்கும் ஒவ்வொரு முகவருக்கும் அதன் உண்மை நகலை அளிப்பது அலுவலரின் கடமை; அது அவரது கருணை அல்ல. வாக்கு எண்ணும் மேசையில் இயந்திரம் காட்டும் மொத்தம் இந்தப் படிவத்தின் மொத்தத்தோடு பொருந்த வேண்டும். சாவடிக்கும் மேசைக்கும் இடையே என்ன நடந்தது என்பதற்கான சாட்சி இதுவே.

இந்தச் சாட்சியைப் பொதுவெளியில் வைக்க மாட்டோம் என்பதே தேர்தல் ஆணையத்தின் நிலைபாடு. 2024 மக்களவைத் தேர்தலின் முதல் கட்ட வாக்குப்பதிவு ஏப்ரல் 19 அன்று முடிந்தது. இறுதி விழுக்காடு வெளிவந்தது ஏப்ரல் 30 அன்று. வெறும் விழுக்காடுதான், எண்ணிக்கை இல்லை. 17சி படிவங்களை இணையத்தில் வெளியிடக் கோரி வழக்கு வந்தபோது, முகவரைத் தவிர வேறு எவருக்கும் அதைத் தரச் சட்டத்தில் இடமில்லை என்றும், வெளியிட்டால் படத்தைத் திரித்து விஷமம் செய்வார்கள் என்றும் ஆணையம் வாதிட்டது. அசல் எல்லோர் கையிலும் இருந்தால் போலி எப்படி எடுபடும்? உச்சநீதிமன்றம் இடைக்கால உத்தரவு பிறப்பிக்க மறுத்த மறுநாள், மே 25 அன்று, முதல் ஐந்து கட்டங்களின் எண்ணிக்கையை ஆணையமே வெளியிட்டது. அதுவும் தொகுதி அளவில்தான். சாவடி அளவில் அல்ல.

முகவருக்கு மட்டுமே உரிமை என்பதன் பொருளை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். 2024 தேர்தலில் நாடு முழுவதும் சாவடிகள் 10 லட்சத்துக்கும் அதிகம். ஒரு மக்களவைத் தொகுதிக்குச் சராசரியாக ஏறத்தாழ 2000 சாவடிகள். அத்தனையிலும் மாலை வரை ஆளை அமர்த்தி வைக்கப் பணபலமுள்ள கட்சிகளால் முடியும். உழைப்பாளி மக்களின் கட்சிகளுக்கும், சுயேச்சைகளுக்கும், வாக்களித்த சாதாரண குடிமக்களுக்கும் அந்தக் கதவு மூடப்பட்டிருக்கிறது.

அடுத்த கதவும் விரைவிலேயே மூடப்பட்டது. ஹரியானா சட்டமன்றத் தேர்தலின் காணொளிகளையும் 17சி நகல்களையும் வழங்குமாறு பஞ்சாப் - ஹரியானா உயர்நீதிமன்றம் 2024 டிசம்பர் 9 அன்று உத்தரவிட்டது. டிசம்பர் 20 அன்று, ஆணையத்தின் பரிந்துரையின் பேரில், மோடி அரசு 93ஆவது விதியைத் திருத்தியது. தேர்தல் தொடர்பான ‘பிற எல்லா ஆவணங்களும்’ பொதுமக்கள் பார்வைக்கு உரியவை என்றிருந்த விதி, ‘இவ்விதிகளில் குறிப்பிடப்பட்ட’ ஆவணங்கள் மட்டும் எனச் சுருங்கியது. கேமரா பதிவு விதிகளில் குறிப்பிடப்படவில்லை. ஆகவே அது கிடைக்காது. முதல் கட்ட வாக்குப்பதிவின் இறுதி விழுக்காட்டைச் சொல்ல 11 நாட்கள் எடுத்துக்கொண்டவர்களுக்கு விதியை மாற்றவும் 11 நாட்களே போதுமானதாக இருந்தது.

2025 மே மாதம் ஆணையம் இன்னொரு அறிவுறுத்தலை வெளியிட்டது. 45 நாட்களுக்குள் தேர்தல் வழக்கு தொடுக்கப்படாவிட்டால் காணொளிப் பதிவுகளை அழித்துவிடலாமாம். வழக்குத் தொடுக்க ஆதாரம் வேண்டும்; ஆதாரத்தைப் பெற வழக்குத் தொடுக்க வேண்டும்! வாக்காளரின் அந்தரங்கம் என்று ஆணையம் காரணம் கூறுகிறது. எந்தப் பொத்தானை அழுத்தினார் என்பதுதான் ரகசியம். ஊரே பார்க்க வரிசையில் நின்றது ரகசியமல்ல.

ஆவணங்கள் பாதுகாக்கப்படுவது வீண் வேலை என்போர் ஹரியானாவின் பானிபட் மாவட்டத்தைப் பார்க்கட்டும். 2022 நவம்பரில் நடந்த ஓர் ஊராட்சித் தலைவர் தேர்தலின் இயந்திரங்களை 2025 ஆகஸ்டில் உச்சநீதிமன்ற வளாகத்திலேயே மீண்டும் எண்ணியபோது, தோற்றதாக அறிவிக்கப்பட்டவர் 51 வாக்குகள் கூடுதலாகப் பெற்றிருந்தது தெரியவந்தது. தாமதம் எதைப் பறிக்கும் என்பதற்கு நமது ராதாபுரம் சான்று. 2016இல் அங்கு வெற்றி வித்தியாசம் 49 வாக்குகள். நிராகரிக்கப்பட்ட தபால் வாக்குகள் 203. உயர்நீதிமன்ற ஆணைப்படி 2019 அக்டோபரில் மறுஎண்ணிக்கை நடந்தும், முடிவை வெளியிட உச்சநீதிமன்றம் தடை விதித்தது. 2021இல் அந்தச் சட்டமன்றத்தின் ஆயுளே முடிந்துவிட்டது.

93ஆவது விதியின் திருத்தம் திரும்பப் பெறப்பட வேண்டும். சாவடி வாரியான 17சி படிவங்களை வாக்குப்பதிவு முடிந்த 48 மணி நேரத்துக்குள் வெளியிடுவது விதியாகவே எழுதப்பட வேண்டும். காணொளிகளும் குறைந்தது ஓராண்டு பாதுகாக்கப்பட வேண்டும். தேர்தல் ஆணையர்களைத் தேர்வு செய்யும் குழுவிலிருந்து தலைமை நீதிபதியை நீக்கி ஒன்றிய அமைச்சரை அமர்த்திய அரசு இவற்றைத் தானாகச் செய்துவிடாது. இதற்காக ஜனநாயக சக்திகள் அனைத்தையும் திரட்டிப் போராட வேண்டியுள்ளது.

அதேவேளை, இன்றைய சட்டம் அளிக்கும் உரிமையை நாம் முழுமையாகப் பயன்படுத்துகிறோமா என்ற கேள்வியும் உண்டு. காலையில் உற்சாகமாக அமரும் முகவர்கள் பலர், வாக்குப்பதிவு முடியும் முன்பே எழுந்துவிடுகின்றனர். 17சி நகல் கிடைப்பதும், மூடப்படும் இயந்திரத்தில் முகவர் தன் முத்திரையையும் இடலாம் என 49டி விதி அனுமதிப்பதும் அதற்குப் பிறகுதான். கிளைகள் இப்போதே முகவர்களைத் தேர்ந்தெடுத்து, படிவத்தின் ஒவ்வொரு வரியையும் வாசிக்கப் பழக்க வேண்டும். வாங்கிய நகல்களை அன்றிரவே தொகுதிக் குழுவிடம் சேர்த்து, எண்ணிக்கை நாளன்று மேசை முகவரின் கையில் அவை இருக்குமாறு செய்ய வேண்டும்.