கொடையன்று, கடன்

ஓர் அரசு தன் குடிமக்களுக்கு ஆற்றவேண்டிய கடமைகள் பல. அவை அனைத்தையும் அரசு அலுவலர்களைக் கொண்டே ஆற்றிவிட முடிவதில்லை. ஆதரவற்ற குழந்தையை வளர்த்தலும், முதியோரைப் பேணலும், குடிநோயாளியை மீட்டலும் அலுவலக நேரத்துக்குள் அடங்கும் பணிகள் அல்ல. ஆகவே, அரசு பொருள் வழங்க, தொண்டு நிறுவனங்கள் பணியை ஏற்கும் முறை நம் நாட்டில் நெடுங்காலமாக நிலவி வருகிறது. 1854ஆம் ஆண்டின் சார்லஸ் உட் கல்வி அறிக்கை, தனியார் கல்விக்கூடங்களுக்கு மானியம் வழங்க வழிவகுத்தது. இன்று அரசு உதவிபெறும் கல்லூரிகள் யாவும் அம்மரபில் வந்தவையே. எனவே, இப்பொருள் நமக்குப் புறம்பானதன்று.

கல்வித்துறையில் கண்ட இம்முறை பிற துறைகளிலும் பரவியது. எய்ட்ஸ் நோய்த் தடுப்பிற்கென 1994இல் தமிழக அரசு ஒரு சங்கத்தைத் தோற்றுவித்தது. மாநில அளவில் இந்தியாவில் எழுந்த முதல் எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் அதுவே. லாரி ஓட்டுநர்களையும், புலம்பெயர் தொழிலாளர்களையும், சமுதாயம் ஒதுக்கி வைத்த பிறரையும் தேடிச் சென்று விழிப்புணர்வூட்டும் பணி தொண்டு நிறுவனங்களிடம் ஒப்படைக்கப்பட்டது. அலுவலர் நுழைய இயலாத இடங்களில் தொண்டர் நுழைந்தார். இக்கூட்டுறவின் பயனை எவரும் மறுத்தற்கில்லை. ஆயின், அரசுக்கும் தொண்டு நிறுவனத்துக்கும் இடையே எழுதப்படும் ஒப்பந்தம் இருபாலாரையும் ஒருங்கே கட்டுப்படுத்துகிறதா? இதுவே நம் வினா.

அரசு மானியத்தில் இயங்கும் முதியோர் இல்லம் ஒன்றின் ஆலோசனைக் குழுவில் நம்முள் சிலர் சில ஆண்டுகள் பணியாற்றினோம். ஏப்ரல் மாதத்தில் தொடங்கிய ஆண்டுக்கு உரிய தொகை, அடுத்த மார்ச் மாதத்தின் மூன்றாம் வாரத்தில் வந்து சேர்ந்தது. கூடவே ஒரு கடிதமும் வந்தது: தொகை முழுவதையும் 31ஆம் தேதிக்குள் செலவிட்டுக் கணக்குக் காட்டவேண்டும்! பதினொரு மாதங்கள் அவ்வில்லத்து முதியோர் உண்ட சோறு, மளிகைக் கடைக்காரர் கடனாகக் கொடுத்த அரிசியில் வெந்தது. செயலாளர் வீட்டு நகைகள் அடகுக் கடையில் இருந்தன. சமையற்பணி செய்த அம்மையார் ஐந்து மாதம் ஊதியமின்றி உழைத்தார். உதவிபெறும் கல்லூரியில் ஆசிரியர்களாகிய நாம் மாதந்தோறும் ஊதியம் பெற்றுக்கொண்டு அவ்வம்மையாரின் முகத்தை நோக்க நாணினோம்.

இக்குறைக்கு வேர் யாது? 'மானியம்' என்னும் சொல்லே என்று நாம் கருதுகிறோம். மானியம் என்றதும் கொடுப்போர் வள்ளலாகவும் பெறுவோர் இரவலராகவும் ஆகிவிடுகின்றனர். வள்ளலிடம் நாள் குறித்துக் கேட்பது முறையாகாது அல்லவா? ஆனால், உண்மை வேறு. அரசின் கடமையை ஒருவர் ஆற்றுகிறார். அதற்குரிய பொருளை அரசு தருகிறது. அது கொடையன்று, கடன்.

நம் நாட்டுச் சட்டமே இவ்வேறுபாட்டைப் பிறிதோரிடத்தில் உணர்ந்துள்ளது. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டத்தின்படி, குறு, சிறு நிறுவனங்களிடம் பொருள் வாங்கியோர் 45 நாட்களுக்குள் பணம் செலுத்த வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டி வீதத்தைப் போல் மும்மடங்கு வட்டி, அதுவும் கூட்டுவட்டி, கொடுத்தாக வேண்டும். நாற்காலி செய்து தந்த பட்டறைக்கு இக்காப்பு உண்டு. அந்நாற்காலியில் அமரும் முதியவருக்குச் சோறிடும் இல்லத்திற்கோ மானியத் தொகைக்கு இக்காப்பு இல்லை. இஃது எவ்வாறு நீதியாகும்?

பிற நாடுகளிலும் இச்சிக்கல் உண்டு. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலம் 1991இல் ஒரு சட்டம் இயற்றியது. தொண்டு நிறுவனங்களுடனான ஒப்பந்தத்தை அரசு உரிய காலத்தில் முடிக்காமையால் பணம் தாமதமாயின், அரசே வட்டி செலுத்தவேண்டும் என்பது அதன் சாரம். அதன் பின்னரும் தாமதம் முற்றும் ஒழிந்துவிடவில்லை. எனினும், தாமதம் அரசின் குற்றம் என்பது எழுத்தில் ஏறியது. அதே நாட்டின் இலினாய் மாநிலத்தில் ஆளுநருக்கும் சட்டமன்றத்திற்கும் மூண்ட பிணக்கால் 2015 முதல் 2017 வரை ஈராண்டுகள் முழுமையான வரவுசெலவுத் திட்டமே நிறைவேறவில்லை. அங்குள்ள லூதரன் சமூகப்பணி நிறுவனம் 2016 ஜனவரியில் 30 திட்டங்களை மூடி, 750 பணியிடங்களை நீக்க நேர்ந்தது. ஆள்வோர் சண்டையிட்டனர், அல்லலுற்றோர் நோயாளிகளும் முதியோரும்.

தொகை காலத்தில் வந்தால் மட்டும் போதுமா? அது போதிய அளவிலும் வரவேண்டும். அரிசிக்கும் மருந்துக்கும் பணம் தரும் அரசு, கணக்கருக்கும் மின்கட்டணத்திற்கும் தரத் தயங்குகிறது. ஆனால் பக்கம் பக்கமாய்க் கணக்கு மட்டும் கேட்கிறது! அமெரிக்க மத்திய அரசின் விதிகள் 2014 முதல், அரசுப் பணத்தில் பணிபுரியும் நிறுவனம் தன் நிருவாகச் செலவுக்காகக் குறைந்தது 10 விழுக்காடு கோரலாம் என்றன. 2024இல் அது 15 விழுக்காடாக உயர்ந்தது. நிருவாகச் செலவு வீண்செலவன்று என்பதை ஏற்றுக்கொண்டதன் அடையாளம் இது.

'தொண்டு என்னும் பெயரால் ஏமாற்றுவோர் இலரோ?' என்று சான்றோர் வினவலாம். உளர். பீகாரின் முசாபர்பூரில் அரசு நிதியுதவியுடன் நடந்த சிறுமியர் காப்பகத்தில் நிகழ்ந்த கொடுமைகளை நாடறியும். பணம் கொடுத்த அரசின் ஏடுகள் அவற்றைக் காட்டவில்லை. டாடா சமூக அறிவியல் நிறுவனத்தார் நேரிற் சென்று நடத்திய சமூகத் தணிக்கையே 2018இல் உண்மையை வெளிக்கொணர்ந்தது. 2020 ஜனவரியில் டெல்லி நீதிமன்றம் 19 பேரைக் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது. இதிலிருந்து நாம் கற்க வேண்டுவது யாது? இரசீதுகளை எண்ணுவது கண்காணிப்பு ஆகாது; குழந்தைகளின் முகத்தைப் பார்ப்பதே கண்காணிப்பு. கொடுப்பதில் தாமதமும் பார்ப்பதில் அலட்சியமும் ஒரே நோயின் இருவேறு குறிகள்.

எனவே, மாநில அரசுகள் செய்யவேண்டுவன சிலவற்றை முன்வைக்கிறோம். முதலாவது, ஆண்டு தொடங்குமுன் ஒப்பந்தம் கையெழுத்தாகி, முதல் தவணை முன்பணமாக வழங்கப்படல் வேண்டும்; தாமதத்திற்கு வட்டி உண்டு என்பது ஒப்பந்தத்திலேயே இடம்பெற வேண்டும். இரண்டாவது, நல்ல முறையில் நடக்கும் இல்லங்களுக்கு மூன்றாண்டு ஒப்பந்தம் வேண்டும். ஆண்டுதோறும் வாழ்வா சாவா என்னும் நிலை ஒழிதல் வேண்டும். மூன்றாவது, ஊதியமும் நிருவாகச் செலவும் உள்ளடங்கிய முழுச்செலவு கணிக்கப்படல் வேண்டும். நான்காவது, ஒரே ஆவணத்தைப் பல துறைகள் தனித்தனியே கேட்பதை விடுத்து, ஒருமுறை அளித்ததை அனைவரும் ஏற்க வேண்டும். ஐந்தாவது, துறை சாராதோர் முன்னறிவிப்பின்றிச் சென்று பார்க்கும் சமூகத் தணிக்கை ஆண்டுதோறும் நடைபெற்று, அதன் அறிக்கை வெளியிடப்பட வேண்டும்.

உரிமை கேட்போர்க்குக் கடமையும் உண்டு. அரசிடம் கணிசமான நிதி பெறும் தொண்டு நிறுவனங்கள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்திற்கு உட்பட்டவை என்று 2019இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. அதனைச் சுமையாகக் கருதாது, தம் கணக்கைத் தாமே அறிவிப்புப் பலகையில் ஒட்டும் துணிவு நம் சமுதாய நிறுவனங்களுக்கு வரவேண்டும். தூய கணக்குடையவரே தயங்காது தம் உரிமையைக் கேட்க முடியும்.

மாணவச் செல்வங்களே! உங்களுள் சிலர் நாளை அரசு அலுவலர்களாகக் கோப்புகளில் கையெழுத்திடுவீர்கள். சிலர் தொண்டு இல்லங்களின் பொறுப்பில் அமர்ந்து அக்கையெழுத்துக்காகக் காத்திருப்பீர்கள். கோப்பு உங்கள் மேசையில் ஒரு நாள் தங்கினால், எங்கோ ஓர் அடுப்பில் கடன் வாங்கிய அரிசி வேகிறது என்பதை மறவாதீர்கள். உழைத்தவருக்கு உரியதை உரிய நாளில் கொடுப்பது பெருந்தன்மையன்று, நேர்மை. அவ்வளவே நாம் வேண்டுவது.